கிட்டார் சோலோவைக் காதால் கேட்டு எடுப்பது எப்படி: ப்ளூஸ், கிளாசிக் ராக் பழகுவோருக்கு முழுமையான வழிகாட்டி

பிடித்த சோலோ (பாட்டின் நடுவே கிட்டார் முன்னால் வந்து வாசிக்கும் பகுதி) ஒன்றை வாசித்துவிட வேண்டும் என்று எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் இறங்குகிறார்கள். இணையத்தில் டேப் (tab: எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் எழுதிய குறிப்பு; ஃபிரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) தேடுவார்கள். அதிலுள்ள ஃபிரெட் எண்களை வரிசையாக அழுத்திப் பழகுவார்கள். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியின் கரகரப்பை, கூட்டி, முதல் நாளே பாட்டின் வேகத்துக்கு ஓடிப் பார்ப்பார்கள். எண் ஒன்றுகூடத் தவறியிருக்காது. ஆனாலும் கேட்பவருக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியாது.

எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பதை டேப் சொல்லும். எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது, எங்கே சும்மா இருப்பது என்பதையெல்லாம் காதுதான் சொல்ல வேண்டும். ஆகவே இங்கே முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகு கை, கடைசியில் ஆம்ப் என்ற வரிசையில் போகிறோம். எடுத்துக்காட்டுக்கு இரண்டு ரிஃப்களும் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் ஒரு பாட்டும் போதும்.

பவர் கார்ட் பிடிக்கவும், ஒவ்வொரு தந்தியாக பிக்கால் மீட்டவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தந்தி எண்கள் வழக்கப்படிதான்: மிக மெல்லியது முதலாவது, மிகத் தடித்தது ஆறாவது.

1. உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

எலெக்ட்ரிக் கிட்டார் கட்டாயம் வேண்டும். அக்கூஸ்டிக்கில் ரிஃப் பழகலாம், பெண்ட் (அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) பழகுவது கடினம். அக்கூஸ்டிக் தந்தி செட்டில் மூன்றாவது தந்தி பொதுவாகச் சுற்றுக்கம்பியாக இருக்கும். எலெக்ட்ரிக் செட்டில் அது சுற்றில்லாத வெறும் கம்பி. ப்ளூஸில் அதிகம் இழுபடுவது அந்த மூன்றாவது தந்திதான். அக்கூஸ்டிக்கில் அதை இழுத்துப் பழகி விரலைப் புண்ணாக்கிக்கொண்டு, தனக்கு பலம் போதவில்லை என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தந்தியின் தடிமன் 9–42 அல்லது 10–46 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக). கடையில் ‘நைன்ஸ்’, ‘டென்ஸ்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 தடிமனில் வாசித்தார் என்று கேள்விப்பட்டு யாரும் தடித்த செட் வாங்க வேண்டாம். அவர் கிட்டாரையே அரை ஸ்வரம் இறக்கி வைத்திருந்தார். அதனால் தந்தியின் இறுக்கம் குறைந்தது. அதற்கும் மேல் அவர் கை அவர் கை.

புதுத் தந்தி மாட்டியதும் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே பிடித்து மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேருங்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நாலு பெண்ட் போட்டதும் தந்தி இறங்கிவிடும். தவறு காதிலா, கையிலா, தந்தியிலா என்று தெரியாமல் ஒரு மாலை வீணாகும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) மிதக்கும்படி அமைத்திருந்தால் அதை உடலோடு ஒட்டி உட்காரும்படி மாற்றச் சொல்லுங்கள். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை இழுத்தால் மற்ற தந்திகளின் சுருதி சற்று இறங்கும். தொடக்கத்தில் அந்தக் குழப்பம் எதற்கு?

மற்றவை: ட்யூனர் (சுருதி காட்டும் கருவி), மெட்ரோனோம் (தாளத்துக்குச் சீராகத் தட்டும் கருவி), ஹெட்ஃபோன், ஒலிப்பதிவு செய்ய போன், சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருள். ஆடாசிட்டி இலவசம், அதில் டெம்போவை மட்டும் மாற்றும் வசதி உண்டு. யூடியூபிலேயே பாதி வேகத்துக்கு இறக்கிக் கேட்கலாம்.

2. முதல் பாட்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

மிகவும் பிடித்த சோலோ முதல் சோலோவாக இருக்க வேண்டியதில்லை. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வோடு வருகிறவர்கள் அதிகம். இரண்டு கிட்டார் மாறி மாறியும் சேர்ந்தும் போகும் நீண்ட சோலோ அது; கார்ட் சுற்றும் எளிதல்ல. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘கம்ஃபர்டபிளி நம்’ பாட்டின் இரண்டாவது சோலோ அடுத்த ஆசை. வேகம் குறைவுதான் என்று நம்பி இறங்குவார்கள். ஆனால் அந்தக் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் இழுக்கும் அந்தப் பெரிய பெண்டுகள் சுருதியில் போய் நிற்க, பழகிய கை வேண்டும்.

முதல் பாட்டுக்கு மூன்று தகுதிகள் போதும். மெதுவாக இருக்க வேண்டும். நடுவே இடைவெளி நிறைய இருக்க வேண்டும். நீங்கள் முணுமுணுத்துப் பாடக்கூடியதாக இருக்க வேண்டும்.

பி.பி. கிங் 1969இல் பதிவு செய்த ‘த த்ரில் இஸ் கான்’ மூன்றுக்கும் பொருந்தும். சுருதி பி மைனர். அவர் பாடும்போது கிட்டார் வாசிப்பதில்லை. ஒரு வரி பாடிவிட்டு, அதற்குப் பதில் சொல்வதுபோல் ஒரு வரி வாசிப்பார். அதனால் கிட்டாரின் ஒவ்வொரு வரியும் குரலோடு கலக்காமல் தனியாகக் கேட்கும். காதால் எடுக்கப் பழகுகிறவருக்கு இதைவிட வசதியான பாட்டைத் தேடுவது சிரமம்.

3. சோலோவுக்கு முன் இரண்டு ரிஃப்

ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் சின்ன வரி. அதில் தாளம் தவறினால் உடனே தெரிந்துவிடும். சோலோவில் தவறினால் மழுப்பிவிடலாம். முதலில் மழுப்ப முடியாததைப் பழகுவோம்.

முதலாவது, டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. கிட்டார் தொட்டவர்கள் எல்லோரும் இதை வாசித்திருப்பார்கள், பெரும்பாலும் தவறாக. ஒற்றைத் தந்தியில் வாசிப்பார்கள், அல்லது பவர் கார்டாக அடிப்பார்கள். அந்தக் குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பது நான்காவது, மூன்றாவது தந்திகளைச் சேர்த்து. இரண்டிலும் ஒரே ஃபிரெட்: திறந்த தந்தி, 3, 5, திறந்த தந்தி, 3, 6, 5, திறந்த தந்தி, 3, 5, 3, திறந்த தந்தி.

பிக்கை வைத்துவிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு தந்திகளையும் ஒன்றாகக் கிள்ளுங்கள். பிக்கால் மீட்டினால் ஒரு தந்தி முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். கிள்ளினால் இரண்டும் ஒரே நொடியில் எழும். பாட்டில் கேட்கும் கெட்டியான தொடக்கம் அதனால் வருவது. ஒவ்வொரு ஒலியையும் எப்போது நிறுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லா ஒலியையும் அடுத்தது வரும்வரை நீட்டிவிடுவார்கள், ரிஃப் குழைந்துவிடும்.

இரண்டாவது, கிரீம் குழுவின் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’, 1967. நான்காவது தந்தியில் 12, 12, 10, 12. ஐந்தாவது தந்தியில் 12, 11, 10. ஆறாவதில் 10, ஐந்தாவதில் 8, மறுபடி ஆறாவதில் 10.

கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் டி (D) ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்து ‘ச ச நி ச – ப ம ம ச க ச’ என்று பாடிப் பார்க்கலாம். இரண்டு மத்யமங்களில் முதலாவது பிரதி மத்யமம், அடுத்தது சுத்த மத்யமம். நிஷாதமும் காந்தாரமும் கோமளமானவை. பஞ்சமத்திலிருந்து அந்த இரண்டு மத்யமங்கள் வழியாக இறங்கும் இடத்தில்தான் ப்ளூஸ் வாடை அடிக்கிறது. கடைசி காந்தாரத்தை மட்டும் லேசாக மேலே நெருடிவிடுங்கள். ஒரு ஃபிரெட் உயரத்தில் பாதிகூட வேண்டாம்.

மெட்ரோனோமோடு இரண்டு ரிஃப்களும் இரண்டு நிமிடம் தடுமாறாமல் ஓடினால் அடுத்ததுக்குப் போகலாம்.

4. சுருதியையும் கார்ட் சுற்றையும் பிடியுங்கள்

பாட்டை ஓடவிட்டு, ஆறாவது தந்தியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எந்த ஒலி பாட்டோடு முட்டாமல், வந்து சேர்ந்தது போல் ஓய்வாக இருக்கிறதோ அதுவே ஆதார சுருதி. ‘த த்ரில் இஸ் கான்’ பாட்டில் அது ஏழாவது ஃபிரெட்டில் இருக்கும் பி.

எந்த ஃபிரெட்டும் பொருந்தாமல் எல்லாமே கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தால் காதைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய பதிவுகள் பலவற்றில் சுருதி இன்றைய ட்யூனர் காட்டும் அளவில் சரியாக நிற்காது. அந்தப் பாட்டுக்கு மட்டும் கிட்டாரைப் பதிவோடு சேர்த்துச் சுருதி கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்ட் சுற்று. நான்கு எண்ணிக்கை ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. இந்தப் பாட்டில் முதல் நான்கு பார் பி மைனர், அடுத்த இரண்டு ஈ மைனர், மறுபடி இரண்டு பி மைனர். ஒன்பதாவது பார் ஜி, பத்தாவது எஃப் ஷார்ப் செவன், கடைசி இரண்டும் பி மைனர்.

பாட்டு முழுவதற்கும் கார்ட் மட்டும் வாசியுங்கள், சோலோ வரும் இடங்களிலும். இந்தப் படியை எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள். தாண்டியவர்கள் பிறகு சோலோ நடுவே எந்த பாரில் இருக்கிறோம் என்று தெரியாமல் திணறுவார்கள். ஒன்பதாவது பாரில் ஜி வரும்போது சோலோவின் நிறம் மாறும். கார்ட் கையில் இருந்தால்தான் அந்த மாற்றம் காதில் விழும்.

5. ஐந்து ஸ்வரங்களை ஓரிடத்தில் பழகுங்கள்

பி மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர வரிசை), ஏழாவது ஃபிரெட்டில்: ஆறாவது தந்தியில் 7, 10. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது தந்திகளில் 7, 9. இரண்டாவது, முதல் தந்திகளில் 7, 10. கிட்டார்காரர்கள் இதைப் பெட்டி என்பார்கள்.

சுத்த தன்யாசி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஐந்து ஸ்வர இடங்களும் ஏற்கெனவே காதில் இருக்கும். அது பாதி வேலை. ஆனால் அந்த ராகத்தின் கமகங்களை இங்கே கொண்டுவந்தால் ப்ளூஸ் வராது. அசைவு வேறு, நிற்கும் இடமும் வேறு.

இந்தப் பெட்டியை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஒரு ஸ்வரத்தை வாயால் பாடி, அதை மூன்று நொடிக்குள் கையால் கண்டுபிடிக்கப் பழகுங்கள். ஸ்கேலை மட்டும் ஓட்டிப் பழகியவரின் சோலோ ஸ்கேலாகத்தான் ஒலிக்கும்.

பெட்டி ஒன்றே போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. இரண்டாவது தந்தியில் 12ஆவது ஃபிரெட்டில் பி இருக்கிறது. அங்கே ஆள்காட்டி விரலை வைத்து, அதைச் சுற்றியுள்ள சில ஸ்வரங்களை மட்டும் பயன்படுத்துவது பி.பி. கிங்கின் பாணி. வரிகளை எடுக்கும்போது பெட்டியில் ஒன்று சிக்காவிட்டால் அங்கே தேடுங்கள்.

6. பெண்ட்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

மேலே சொன்னவற்றையெல்லாம் ஒரு மாதத்தில் தேற்றிவிடலாம். பெண்ட் அப்படியல்ல. சோலோவைப் பாட்டாக ஒலிக்க வைப்பது இதுதான். இது சுருதியில் நிற்காவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் காதில் உறுத்தும்.

முதலில் கை நிலை. கட்டைவிரல் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கட்டும். கிளாசிக்கல் கிட்டாரில் கிரேடு தேர்வுக்குப் பழகி வந்தவர்கள் கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால், நடுவில் வைத்திருப்பார்கள். அந்த வாசிப்புக்கு அது சரி. ஆனால் தந்தியை இழுக்கும்போது பிடிமானம் இருக்காது. விரல் மட்டும் தள்ளும், சீக்கிரம் சோர்ந்துபோகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியும் கழுத்தைப் பிடித்திருக்க, மணிக்கட்டு திரும்ப வேண்டும். இழுப்பது மணிக்கட்டின் வேலை.

இரண்டாவது, விரல்களைச் சேருங்கள். மோதிர விரல் தந்தியை அழுத்தும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே தந்தியில் பின்னால் இருந்து சேர்ந்து தள்ளட்டும். மோதிர விரலைத் தனியாக விட்டால் பாதி உயரம் போவதற்குள் நின்றுவிடும்.

இனிப் பயிற்சி. இரண்டாவது தந்தியில் 7ஆவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது எஃப் ஷார்ப். அந்த ஒலியைப் பாடுங்கள். பாடிக்கொண்டே மூன்றாவது தந்தியில் 9ஆவது ஃபிரெட்டை மீட்டி, பாடும் ஒலியைத் தொடும்வரை மேலே தள்ளுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள். இது இரண்டு ஃபிரெட் உயரமுள்ள முழு பெண்ட். அடுத்து முதல் தந்தியில் 7ஐ மீட்டிப் பாடி, இரண்டாவது தந்தியில் 10ஐ இழுத்து அதே ஒலிக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் பாடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போய்ச் சேர வேண்டிய இடம் காதில் இல்லாவிட்டால் கை தன் சௌகரியத்துக்கு நின்றுகொள்ளும். அந்தச் சௌகரியம் எப்போதும் சரியான சுருதிக்குக் கொஞ்சம் கீழேதான். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே இழுப்பதும் உதவாது. முள்ளைப் பார்த்தால் கண்தான் பழகும்.

அடிக்கடி பார்க்கும் தடுமாற்றங்கள் சில:

மூன்றாவது தந்தியைத் தள்ளும்போது நான்காவது தந்தி விரலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பெண்டை விடும்போது அது ‘டொய்ங்’ என்று ஒலிக்கும். வலது உள்ளங்கையின் ஓரம் தடித்த தந்திகள் மேல் படுத்திருந்தால் இது நிற்கும். கெய்ன் (ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழ்) அதிகமாக வைத்து வாசிக்கிறவர்களுக்கு இது பழக்கமாகவே ஆக வேண்டும்.

ஃபிரெட் கம்பிக்கு வெகு பின்னால் அழுத்தினால் இழுக்கும்போதே ஒலி செத்துவிடும். கம்பியை ஒட்டி அழுத்துங்கள்.

பெண்டை விட்டு இறங்கும் ஒலி கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டாமென்றால், இறக்கும் முன் வலது கையால் தந்தியைத் தொட்டு அடக்க வேண்டும். பலருடைய வாசிப்பில் ஒவ்வொரு பெண்டுக்குப் பின்னும் ஒரு முனகல் கேட்பது இதனால்தான்.

இழுக்கும் வேகமும் பாட்டின் பகுதிதான். சட்டென்று ஏறிவிடுகிறாரா, ஒரு எண்ணிக்கை முழுக்க எடுத்துக்கொண்டு ஏறுகிறாரா என்பது டேப்பில் இருக்காது. முதல் இரண்டு தந்திகளை மேல்நோக்கித் தள்ளுவது வழக்கம். தடித்த தந்திகளைத் தரையை நோக்கி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தைவிட்டே நழுவும். ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர். வலது கைக்கான தந்தி வரிசையையே திருப்பிப் பிடித்து வாசித்ததால் மெல்லிய தந்திகளைத் தரையை நோக்கி இழுத்தார். அவருடைய வரிகளை எடுக்கும்போது உங்கள் கை வேறு திசையில் உழைக்கும். அதே விசை வரவில்லையே என்று மலைக்க வேண்டாம்.

7. வைப்ராட்டோ

வைப்ராட்டோ என்பது நிற்கும் ஒலியைச் சுருதியில் லேசாக அசைப்பது. ஒலியை மீட்டியதும் உடனே அசைக்காதீர்கள். முதலில் நேராக நிற்கட்டும், பிறகு அசையட்டும். தொடக்கத்திலேயே அசைத்தால் சுருதி தெரியாததை மறைப்பது போல் இருக்கும்.

ஃபிரெட்டில் அழுத்திய தந்தியைத் தள்ளினாலும் இழுத்தாலும் சுருதி மேலேதான் ஏறும். ஆகவே ஒவ்வொரு அசைவும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பாதியில் திரும்பினால் ஒலி முழுவதும் தூக்கலாகக் கேட்கும். பெண்டின் உச்சியில் அசைப்பது இதற்கு நேர்மாறு: உச்சியிலிருந்து சற்று இறக்கி மறுபடி உச்சிக்கே கொண்டுவர வேண்டும். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.பி. கிங் அசைக்கும்போது கட்டைவிரல் கழுத்தைவிட்டு விலகும். ஆள்காட்டி விரல் நுனியை அச்சாக வைத்து கை முழுவதும் படபடக்கும். காணொளியில் பார்த்தால் புரிந்துவிடும். மெட்ரோனோமோடு ஒரு எண்ணிக்கைக்கு மூன்று அசைவு என்று மெதுவாகத் தொடங்குங்கள். கணக்கில்லாத அசைவு நடுக்கமாகத்தான் கேட்கும்.

8. இப்போது வரி வரியாக எடுங்கள்

இங்கே கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

சோலோவில் ஒரு மூச்சில் அடங்கும் வரியை மட்டும் வெட்டி, மென்பொருளில் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நாலைந்து நொடி போதும். பதிவு ஓடாதபோதும் அந்த வரியைப் பாட முடிகிறதா என்று பாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதி சரியாக இருந்தால் போதும். பாட முடியாத வரியைக் கை கண்டுபிடிக்காது, ஊகித்துத் தடவும்.

பிறகு கிட்டாரை எடுத்து, வரியின் கடைசி ஒலியை முதலில் தேடுங்கள். கடைசி ஒலி நீண்டு நிற்பதால் காதில் எளிதில் பிடிபடும். வரி எந்தப் பெட்டியில் நடக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். அடுத்து முதல் ஒலி. நடுவில் இருப்பது அதன் பிறகு தானாக வந்து விழும்.

ஒரே ஒலி கிட்டாரில் பல இடங்களில் கிடைக்கும். எந்தத் தந்தி என்பதை நிறம்தான் சொல்லும். தடித்த தந்தியில் மேலே போய் எடுத்தால் உருண்டையாக இருக்கும். மெல்லிய தந்தியில் கீழே எடுத்தால் கூர்மையாக இருக்கும். டேப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெண்டா, சறுக்கலா (அழுத்திய விரலைத் தந்தியோடு அடுத்த ஃபிரெட்டுகளுக்கு நகர்த்துவது) என்று தெரியாதபோது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பெண்ட் வழுக்கிக்கொண்டு ஏறும். சறுக்கலில் நடுவே ஃபிரெட் படிகள் லேசாகக் கேட்கும்.

1960களின் பதிவுகள் பலவற்றில் கிட்டார் ஒரு காதுப் பக்கமாகவே இருக்கும். ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் டிரம்ஸும் பாடலும் ஒதுங்கிக்கொள்ளும்.

முழு வரியும் வந்த பிறகு டேப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாறுபடும் இடத்தில் மறுபடி பதிவைக் கேளுங்கள். டேப் எழுதியவரும் உங்களைப் போல் கேட்டு எழுதியவர்தான்.

9. வரி எந்த எண்ணிக்கையில் தொடங்குகிறது?

எல்லா வரியையும் பாரின் முதல் எண்ணிக்கையில் தொடங்குவது புதியவர்களின் பொதுக் குணம். ப்ளூஸில் பல வரிகள் முந்தைய பாரின் கடைசியிலேயே எழுந்துவிடும். சில, முதல் எண்ணிக்கையைப் போகவிட்டு அதன் பின் வரும்.

காலால் தாளம் போட்டுக்கொண்டே வரியைப் பாடுங்கள். எந்த அசை கால் தரையைத் தொடும்போது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த வரி பதிவோடு சேர்த்து வாசிக்கும்போது மட்டும் தடுமாறுகிறதென்றால், பெரும்பாலும் இந்தக் குறிப்புதான் விடுபட்டிருக்கும்.

வரிகளுக்கு நடுவே உள்ள மௌனத்தையும் எண்ணுங்கள். இரண்டு பார் சும்மா இருக்கிறார் என்றால் நீங்களும் இரண்டு பார் சும்மா இருக்க வேண்டும். பழகுகிறவர்களுக்கு ஆகக் கடினமான வேலை அதுதான் போலும்!

10. கோர்ப்பதும் வேகம் கூட்டுவதும்

வரிகளைப் பின்னாலிருந்து கோர்த்துக்கொண்டு வாருங்கள். கடைசி வரி, பிறகு கடைசிக்கு முந்தையதும் கடைசியும், இப்படி. முன்னாலிருந்து கோர்த்தால் முதல் வரியை நூறு முறையும் கடைசி வரியை ஐந்து முறையும் வாசித்திருப்பீர்கள். மேடையில் தொடக்கம் ஜொலித்து முடிவு குலைவது அதனால்தான். பின்னாலிருந்து கோர்த்தால் போகப் போகத் தெரிந்த இடத்துக்குள் நுழைவீர்கள்.

வேகம்: பதிவின் வேகத்தில் அறுபது சதவீதத்தில் தொடங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வந்தால் ஐந்து சதவீதம் கூட்டலாம். தவறினால் ஒரு படி இறங்குங்கள். தவறான வேகத்தில் திரும்பத் திரும்ப வாசித்தால் கை அந்தத் தவறையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நடந்ததைவிட நினைத்ததுதான் காதில் விழும்.

11. ஆம்பைக் கடைசியில் தொடுங்கள்

இதுவரை எல்லாம் கெய்ன் குறைவாக, தெளிந்த ஒலியில் நடந்திருக்க வேண்டும். டிஸ்டார்ஷன் சிறிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒரே அளவாக்கி நீட்டிவிடும். அதில் பெண்ட் கோணலாக இருப்பதும் மீட்டல் சீரற்று இருப்பதும் மறையும். மற்ற தந்திகளின் சத்தம் மட்டும் பெரிதாகும்.

‘த த்ரில் இஸ் கான்’ பாட்டுக்குத் தெளிந்த ஒலியே போதும், கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) சேர்க்கலாம். பழைய ராக் பதிவுகளில் கெய்ன் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஏசி/டிசி குழுவின் பாட்டை வாசிக்கிறேன் என்று கெய்னை முழுக்கத் திருப்புகிறவர்களுக்குக் கார்டின் தனித்தனி ஒலிகள் கேட்காமல் போகும். முதலில் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ சோலோவில் கிரீமின் கிட்டார்காரர் எரிக் கிளாப்டனின் மூக்கடைத்த மாதிரியான ஒலி பெடலில் வருவதல்ல. கிட்டாரின் டோன் குமிழை நன்றாகக் குறைத்து, வால்யூமை முழுதாக வைத்து, ஆம்பை உரக்க ஓட்டியதில் வந்தது. வீட்டில் அவ்வளவு உரக்க வைக்க முடியாது. டோன் குமிழைக் குறைத்தாலே பாதி தூரம் வந்துவிடும். லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ சோலோ லெஸ் பால் வகைக் கிட்டாரில் வாசித்தது என்று பலரும் நினைப்பார்கள். அந்தக் குழுவின் ஜிம்மி பேஜ் அதற்கு எடுத்தது டெலிகாஸ்டர் என்ற வேறு வகைக் கிட்டார். பாட்டுக்கொரு கிட்டார் வாங்கத் துடிப்பவர்கள் இதை வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது.

12. அடுத்து எந்த சோலோக்கள், எந்த வரிசையில்

முதலில் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ சோலோ. அதன் தொடக்க வரி ‘புளூ மூன்’ என்ற பழைய பாட்டின் மெட்டு. பாடி எடுப்பதற்கு அருமையான பயிற்சி.

பிறகு ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. ஏ மைனர், ஜி, எஃப் என்று சுற்றும் கார்டுகளின் மேல் பெரும்பகுதி ஏ மைனர் பென்டடானிக். அந்த ஐந்து ஸ்வரங்களில் எஃப் கிடையாது. ஆனால் எஃப் கார்ட் வரும்போது பேஜ் எஃப் ஒலியில் போய் உட்காருகிறார். நான்காவது படியில் கார்டைக் கேட்டுப் பழகியிருந்தால் அந்த இடம் உங்களுக்கே பிடிபடும்.

அதன் பிறகு கிரீம் 1968இல் மேடையில் வாசித்த ‘கிராஸ்ரோட்ஸ்’. சுருதி ஏ. கிளாப்டன் மைனர் பென்டடானிக்கையும் மேஜர் பென்டடானிக்கையும் கலந்து வாசிப்பார். பின்னது நம் மோகனத்தின் ஸ்வரங்கள். வேகம் அதிகம், ஆகவே அறுபது சதவீத விதியைக் கைவிட வேண்டாம்.

‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வை எடுக்கும்போது தனியாக உட்காராதீர்கள். முடிவில் ஈகிள்ஸின் கிட்டார்காரர்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் சேர்ந்து இறங்கி வரும் வரிகளில் இரண்டு கிட்டாருக்கும் வேறு வேறு ஸ்வரங்கள். இன்னொருவரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு வரியைப் பிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் முதலில் கிட்டார் இல்லாமல் தங்கள் தங்கள் வரியைச் சேர்ந்து பாடிப் பாருங்கள். ஒருவர் மற்றவரின் சுருதிக்கு இழுபட்டுப்போகும் பார் எதுவோ, அதிலிருந்து பழகத் தொடங்குங்கள்.